டிராகன் முதல் யாளி வரை: கற்பனை விலங்குப் பொம்மைகள், நீண்ட நாள் அனுபவம்

மகனுக்கு நாலு வயசில் வாங்க ஆரம்பித்த கற்பனை விலங்குப் பொம்மைகள், அவன் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் தினமும் தரையில் இறங்குகின்றன. ரிமோட் காரும் பேட்டரி ரயிலும் எப்போதோ பரணுக்குப் போய்விட்டன. டிராகன், கிரிஃபின், சிறகு முளைத்த குதிரையான பெகசஸ், ஒற்றைக்கொம்புக் குதிரை, பல தலை ஹைட்ரா, ஃபீனிக்ஸ் பறவை எல்லாம் இன்னும் கூடத்தில்தான் கிடக்கின்றன. பாதி நாங்கள் வாங்கியவை, பாதி வளைகுடாவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கொடுத்தவை. தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் இருந்துகொண்டு இவற்றை வைத்துப் புழங்கியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உழைப்பு. 1935-ல் தொடங்கிய ஜெர்மனியின் ஷ்லைஷ், பிரான்சின் பாப்போ, 1982-ல் தொடங்கிய அமெரிக்காவின் சஃபாரி, இந்த மூன்றும் பெயர் பெற்ற பொம்மை நிறுவனங்கள். எங்களிடம் இருப்பவை உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டியான பிவிசி பொம்மைகள். மாடிப்படியில் உருண்டும், மழையில் முற்றத்தில் கிடந்தும் ஒன்றுகூட உடையவில்லை. தேய்வது பெயிண்ட்தான், அதுவும் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில். எங்கள் டிராகனின் சிறகு நுனிகளில் சிவப்பு போய் உள்ளே இருக்கும் வெளிறிய பிளாஸ்டிக் தெரிகிறது. குதிரைக் கொம்பின் பொன்னிறம் பாதிதான் மிச்சம். உடம்பிலும் முகத்திலும் பெயிண்ட் அப்படியே இருக்கிறது.

வெயில் காலத்தில் வேறொரு தொல்லை. மெல்லிய கால்கள் வளைந்து பொம்மை ஒருபக்கம் சாயும். பெகசஸுக்கு இது அடிக்கடி வரும், சிறகின் கனம் முழுக்க முதுகில்தானே. நல்ல சூடான தண்ணீரில் காலைக் கொஞ்ச நேரம் முக்கி, பிளாஸ்டிக் இளகியதும் நேராகப் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் வைத்தால் நின்றுவிடும். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

குற்றாலச் சாரல் சமயத்தில் மூடிய டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல மேலே கசியும். காற்று புகாத இடத்தில் அது அப்படியே தங்கிப் பிசுபிசுக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, திறந்த மூங்கில் கூடையில் போட்டு வைக்கிறோம். இப்போது பிசுக்கு இல்லை.

விலைதான் உறுத்தும். பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்குப் போனது, 2023-ல் 70 ஆனது. பெரிய டிராகன் ஒன்று ஆயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் மலிவான நகல்கள் ஆசை காட்டும். ஒருமுறை ஆன்லைனில் வந்த ஒரு செட்டைப் பிரித்ததுமே பெயிண்ட் வாடை தூக்கியது, ஈரத் துணியால் துடைத்தால் நிறம் துணியில் வந்தது. அன்றே திருப்பி அனுப்பினோம். 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இல்லாததைத் தொடாதீர்கள். மூன்று வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த வகையே வேண்டாம். கூர்மையான கொம்பு, கழன்று வரும் சின்னப் பாகம் எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

சரி, எதனால் இத்தனை நாள் விளையாடுகிறான்? இந்த விலங்குகளுக்குக் கதையை அவனே போட வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மாட்டுப் பொம்மை பால் கொடுக்கும், புல் தின்னும். கழுகுத் தலையும் சிங்க உடம்பும் கொண்ட கிரிஃபின் என்ன தின்னும்? எங்கே தூங்கும்? இதற்கு வீட்டில் ஆளுக்கொரு பதில். கிரிஃபினை முதலில் பார்த்தபோது ஆச்சி கேட்டார்: "என்னலே இது, சிங்கத்துக்கு அலகு முளைச்சிருக்கு?" அப்புறம் அவரே, "நம்ம யாளிக்குத் தும்பிக்கை, இதுக்கு அலகு. ரெண்டும் சொக்காரப் பயலுவதான்" என்று முடித்தார். அன்றிலிருந்து கோயிலுக்குப் போனால் இவன் கண் தூணில்தான்.

மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் யாளித் தூண்களை விட்டு இவனை நகர்த்த முடியவில்லை. இன்னொரு முறை புளியரை தாண்டி ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கேரளத்தின் சடயமங்கலம் போனோம். சிறகு வெட்டுப்பட்டுப் பாறை மேல் மல்லாந்து கிடக்கும் ஜடாயு சிலை அங்கே 200 அடி நீளம், 150 அடி அகலம், 70 அடி உயரம். ராவணன் கதையை அங்கேயே மறுபடி சொல்லச் சொன்னான். திரும்பி வந்ததும் ஃபீனிக்ஸ் ஜடாயு ஆகிவிட்டது; ஹைட்ராவுக்கு ராவணன் வேஷம். தலைகள் பத்து வரவில்லை என்பது பற்றி அவனுக்குக் கவலையில்லை.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இங்கேதான். டிராகனும் பெகசஸும் கெட்டியாகக் கிடைக்கின்றன. யாளி, கருடன், இரட்டைத் தலைப் பறவையான கண்டபேரண்டம், பெண் முகமும் பசு உடம்பும் சிறகும் கொண்ட காமதேனு எல்லாம் எங்கள் பக்கத்துக் கடைகளில் கொலு பொம்மையாக மட்டுமே வருகின்றன. மண்ணிலும் காகிதக் கூழிலும் அழகாகச் செய்கிறார்கள், ஆனால் அவை படியில் வைத்துப் பார்க்க. விழுந்தால் போச்சு. ஆந்திராவில் கொண்டபல்லியின் வெள்ளைப் பொணிகி மரப் பொம்மைகளும், ஏட்டிகொப்பாகாவில் அரக்கு ஏற்றிக் கடையும் பொம்மைகளும் இருக்கின்றன. மரத்தில் அத்தனை கைத்தேர்ச்சி உள்ளவர்களால் குழந்தை கையில் அடிபடும் யாளியைச் செய்ய முடியாதா என்ன? பொம்மைத் தொழிலில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: உள்ளங்கையில் அடங்கும் அளவு, தடித்த கால், மழுங்கிய கோரைப்பல், ஐஎஸ்ஐ முத்திரை. கோயில் யாளியின் வாய்க்குள் உருளும் அந்தக் கல்லுருண்டையை மட்டும் கழன்று வராதபடி உடம்போடு சேர்த்தே செய்துவிடுங்கள்.