நிலாவெளிக் கரைச்சியில் ஒரு காலை: பறவை பார்க்கும் வழிகாட்டிச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மார்ச் மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, நிலாவெளியில் சகோதரர் இருவர் நடத்திவரும் பறவை பார்க்கும் வழிகாட்டிச் சேவையில் என் தங்கையும் அவளுடைய பன்னிரண்டு வயது மகனும் நானுமாகச் சென்று வந்தோம். அதிகாலை ஐந்தரைக்கு உப்புவெளியில் எங்கள் வீட்டு வாசலுக்கே வான் வந்தது. பத்து மணியளவில் அதே வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். மூவருக்கும் சேர்த்து 9,000 ரூபா கொடுத்தேன். வான், தொலைநோக்கிகள், பிளாஸ்கில் பிளேன்டீ, வாழையிலையில் கட்டிய இடியப்பமும் சம்பலும் எல்லாம் அதற்குள் அடக்கம். நான்கரை மணி நேரத்துக்கு இது நியாயமான விலை என்றே சொல்வேன். படகுச் சவாரி இல்லையே என்று என் மருமகன் முதலில் முகம் சுளித்தான். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த விடயமே அதுதான்.

அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சேவையுடன் கிண்ணியாப் பக்கத்துக் களப்பொன்றுக்குப் போயிருந்தேன். சேற்றுத் திடலில் இரை தேடிக்கொண்டிருந்த உள்ளான் கூட்டத்தை நோக்கி வள்ளக்காரர் இயந்திரத்தை முடுக்கி நேராகச் செலுத்தினார். பறக்கும்போது படம் நன்றாக விழும் என்றார். கூட்டம் எழுந்து, சுற்றி, மறுகரையில் இறங்கியதும் மீண்டும் அங்கே செலுத்தினார். ஒரு மணி நேரத்துக்குள் அதே பறவைகள் ஐந்து தடவை எழுந்தன. நானும் படம் எடுத்தேன். அந்தப் பறவைகளுக்கு நாங்கள் செய்தது என்னவென்று பின்னர் படித்து அறிந்தபோது மனம் மிகவும் வருந்தியது. அந்தப் படங்களை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

நிலாவெளிச் சகோதரர்களின் முறை இதற்கு முற்றிலும் மாறானது. இறக்கக்கண்டிப் பாலத்தை நெருங்கும் முன்பே, கரைச்சி எனப்படும் களப்பை நோக்கிய ஓரிடத்தில் மூத்தவர் வானை நிறுத்தினார். கடல் வீதிக்குக் கிழக்கே, களப்பு மேற்கே; ஆகையால் காலையில் வெயில் நம் முதுகுப் பக்கம் விழ, பறவைகளின் மீது ஒளி முழுமையாகப் படிகிறது. மாலையில் அங்கே போனால் எல்லாம் கரிய நிழலுருவமாகவே தெரியும் என்பதால் மாலைச் சுற்றுலாவை அவர்கள் நடத்துவதே இல்லை. கேட்கும் வெளிநாட்டுப் பயணிகளையும் திருப்பி அனுப்புகிறார்களாம். இறங்கி ஏறத்தாழ நாற்பது அடி நடந்ததும், உப்புப் பூண்டு தொடங்கும் இடத்தில் கையால் தடுத்து, "இதுக்கு அங்கால போகக்கூடாது சேர். அதுகள் தின்னட்டும்" என்றார். பறவைகள் அங்கிருந்து நூறு மீற்றருக்கும் அப்பால் இருந்தன. அந்தக் கோட்டைத் தாண்ட எங்களில் எவரையும் கடைசிவரை அவர் விடவில்லை.

தூரம் காப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மார்ச் மாதத்தில் நேரில் காணலாம். ஓகஸ்ட் தொடங்கி இங்கே வந்து சேரும் கரையோரப் பறவைகள், மார்ச்சிலும் ஏப்ரலிலும் வடக்கே திரும்பும் பயணத்துக்காக உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன. நெடும்பயணம் செய்யும் உள்ளான் இனங்கள் சில, புறப்படும் நேரத்தில் தம் வழக்கமான எடையின் இரு மடங்கை நெருங்கிவிடும். பறப்பதற்கு முன் இரைப்பையும் குடலும் சுருங்கி, பறத்தலுக்கான நெஞ்சுத் தசை பருக்கும். ஒவ்வொரு முறை அநாவசியமாக எழுந்து பறக்கும்போதும் சேர்த்த கொழுப்பில் ஒரு பகுதி எரிகிறது. மேய வேண்டிய நிமிடங்களும் போகின்றன. கையிருப்புக் குறைந்த நிலையில் புறப்படும் பறவை வழியில் விழலாம்; போய்ச் சேர்ந்தாலும் முட்டையிடப் பலமின்றிப் போகலாம். வடதுருவக் கோடை மிகவும் குறுகியது. தாமதத்துக்கு அங்கே இடமில்லை.

தொலைநோக்கிக் குழலில் நான் அதிக நேரம் பார்த்தது ஒரே ஒரு பறவையைத்தான்: வளைமூக்கு உள்ளான், ஏறத்தாழ 60 கிராம் எடை. குளிர்காலத்துச் சாம்பல் இறகுகளுக்கு நடுவே, கழுத்தடியிலும் நெஞ்சிலும் செங்கல் நிறத்தில் புதிய இறகுகள் திட்டுத்திட்டாக முளைத்திருந்தன. பழைய சுவரில் காரை உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிவதுபோல் இருந்தது. முழங்கால் அளவு நீரில் நின்று, கீழ்நோக்கி வளைந்த அலகைத் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போலச் சேற்றில் இறக்கி இறக்கி எடுத்தது. இந்த இனம் ரஷ்யாவின் வடதுருவத் தூந்திரத்தில், அதாவது மரங்களற்ற குளிர்ச் சமவெளியில், கூடு கட்டுகிறது. அங்கே லெமிங் எனும் எலிகள் பெருகும் ஆண்டில் நரிகள் அவற்றைத் தின்று குஞ்சுகளை விட்டுவைக்கும். லெமிங் குறைந்த ஆண்டில் குஞ்சுகள் இரையாகிவிடும். அதனால் நம் களப்பில் எத்தனை இளம் பறவைகள் வந்து சேரும் என்பதற்கும் தூந்திரத்து எலிகளுக்கும் தொடர்பு உண்டு. இதை மூத்தவர் எளிமையாகச் சொன்னபோது மருமகன் குழலிலிருந்து கண்ணை எடுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அலகின் நீளத்தைக் கொண்டு சேற்றைப் படிக்கும் முறையை அவர் கற்பித்த விதமும் பாராட்டத்தக்கது. மேற்பரப்பில் கொத்தும் கொசு உள்ளான், விரலளவு ஆழத்தில் துழாவும் பவளக்காலி, அலகு முழுவதையும் புதைக்கும் கருவால் மூக்கன் என ஒவ்வொன்றும் ஒரே திடலின் வெவ்வேறு அடுக்குகளில் உண்பதால் ஒன்றோடொன்று போட்டி குறைகிறது. உள்ளான்களின் அலகு நுனியில் நெருக்கமாக அமைந்த உணர்நரம்புகள் கண்ணுக்குத் தெரியாத புழுவின் அசைவையும் கண்டுபிடிக்கும். உப்புக்கொத்தி அப்படியல்ல, கட்டை அலகும் பெரிய கண்ணும் கொண்ட அது, ஓடி, நின்று, பார்த்து, கொத்தும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட பின், அரை மணி நேரத்தில் பையன் வழிகாட்டி சொல்லாமலே இரண்டையும் பிரித்துச் சொல்லத் தொடங்கினான்.

களப்பைப் பற்றிய அவர்களின் அறிவு நேரடி அனுபவத்தில் வந்தது. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. மேலை நாட்டுக் கடற்கரைகளைப் போல நாளுக்கு இருமுறை பரந்த சேறு வெளிப்படுவதில்லை. இங்கே சேற்றைத் திறப்பதும் மூடுவதும் வாடை மழைதான். நவம்பர் முதல் ஜனவரி வரை நீர் ஏறி நிற்கும். பெப்ரவரிக்குப் பின் மெல்ல வற்றி விளிம்பு விளிம்பாகத் திடல் வெளிவரும். பறவைகளும் அந்த விளிம்போடு நகர்கின்றன. ஆகவே ஆற்றுவாய் எப்போது உடைகிறது, எப்போது மணல் மூடுகிறது என்பது இறால் பிடிப்பவருக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு உள்ளானுக்கும் முக்கியம். தந்தை இறால் பிடித்தவர் என்பதால் இது தமக்குச் சிறுவயதிலேயே தெரியும் என்று இளையவர் கூறினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இருந்த இரண்டு தொலைநோக்கிக் குழல்களில் ஒன்றின் கண்ணாடிக்குள் பூஞ்சணம் படர்ந்து, பார்வை மங்கலாக இருந்தது. கடற்காற்று வீசும் ஊரில் உலர்த்தும் சிலிக்கா பொதிகளுடன் பெட்டியில் அடைத்து வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும், பழுதுபார்க்க வேண்டும். அடுத்து, "இதெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்தது" என்று எல்லாவற்றையும் ஒரே வாயில் சொல்லிவிடுகிறார்கள். நம் கரையில் நூற்றுக்கணக்கில் ஓடும் சிறிய மணல் உப்புக்கொத்தி, திபெத்து மேட்டுநிலத்திலும் அதைச் சுற்றிய மலைகளிலும் கூடு கட்டுவது. இமயத்தைக் கடந்து வருவது. இந்த வலசைப் பறவைகள் வந்து போகும் மத்திய ஆசியப் பறவைப் பாதை 30 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. இலங்கை அதன் தென்முனையில் இருக்கிறது. அந்தப் பாதையைக் காட்டும் ஒரு வரைபடத்தை வானின் கண்ணாடியில் ஒட்டினாலே இந்தக் குறை தீர்ந்துவிடும்.

மூன்றாவது குறையைத்தான் பெரிதாகக் கருதுகிறேன். எட்டரைக்குப் பிறகு, காலை உணவுக்காக ஆற்றுவாய்ப் பக்கத்து மணல் திட்டுக்கு எங்களை நடத்திச் சென்றார்கள். களப்பில் அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், இங்கே வருபவர்களைத் தங்கள் விருப்பப்படி நடக்க விடுகிறார்கள். புலம்பெயராமல் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் வெளிறிய சிறு உப்புக்கொத்தியும், சின்ன ஆலாக்களும் இத்தகைய வெறும் மணலில்தான் முட்டையிடும். நான் இடியப்பப் பொதியைப் பிரிக்கக் குந்தியபோது, என் செருப்பிலிருந்து ஒரு முழத்துக்குள், சிப்பித் துண்டுகளுக்கிடையே மூன்று முட்டைகள் இருந்தன. மணல் நிறம், கரும்புள்ளிகள், பெரிய நெல்லிக்காய் அளவு. கூடு என்று சொல்ல ஒரு உள்ளங்கைக் குழியும் நாலைந்து சிப்பிச் சில்லுகளும் மட்டுமே. தாய்ப்பறவை சற்றுத் தள்ளி இறகு முறிந்ததுபோல் தரையில் இழுபட்டு எங்களை வேறு பக்கம் அழைத்தது. நாங்கள் உடனே எழுந்து நனைந்த மணல் வழியாகவே திரும்பினோம். அந்த வெயிலில் முட்டைகள் நிழலின்றிக் கிடந்த அந்தச் சில நிமிடங்கள் என்னை வருத்தின. தெரிந்தே செய்த தவறு இது என்று நான் சொல்லவில்லை. வலசை வரும் பறவைக்குக் காட்டும் அக்கறையை நம் மண்ணின் பறவைக்கும் காட்ட வேண்டும் என்றுதான் மூத்தவரிடம் சொன்னேன்.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் குறை காண்கிறேன் என்று சிலர் கேட்கலாம். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2024 ஒக்டோபரில் உலகெங்கும் 16 கரையோரப் பறவையினங்களின் நிலையை இன்னும் மோசமான பிரிவுகளுக்கு மாற்றியது. அன்று காலை நாங்கள் பார்த்தவற்றில் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் இப்போது அழிவுக்கு ஆளாகக்கூடியவை என்ற பிரிவில் உள்ளன. கல்திருப்பி உள்ளான் அந்த விளிம்பை நெருங்கியிருக்கிறது. நம் மாவட்டத்தின் வட எல்லையில் உள்ள கொக்கிளாய்க் களப்பு 1951 இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கரைச்சியின் வீதியோரத்திலோ அன்று கட்டட இடிபாடுகள் கொட்டிக் கிடந்தன; சேற்று விளிம்பின் ஒரு பகுதி அதற்குள் மறைந்துவிட்டது. வழிகாட்டிகள் அந்த இடத்தைக் காட்டாமல் கடந்து செல்லவில்லை. வானை நிறுத்தி, போன ஆண்டு அங்கே பச்சைக்காலிகள் நின்றதைச் சொன்னார்கள். ஒவ்வொரு சுற்றுலாவிலும் எண்ணிக்கையை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதியும் வைக்கிறார்கள். ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு இத்தகைய உள்ளூர்க் கொப்பிகள் பெரிதும் உதவக்கூடும் என்பதால், அதைத் தொடரும்படி கேட்டுக்கொண்டேன்.

கிட்டத்தில் நின்று பெரிய படம் எடுக்க விரும்புபவர்களுக்கு இந்தச் சேவை ஏமாற்றமளிக்கும். அவர்கள் போகாமலிருப்பதே பறவைகளுக்கும் நல்லது. பொறுமையாக ஒரு மணி நேரம் குழலில் கண் வைத்திருக்கக்கூடிய எவருக்கும், குறிப்பாகப் பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு, முழு மனதுடன் பரிந்துரைக்கிறேன். தொப்பியும் மங்கிய நிற உடையும் அவசியம். வழியில் கழிப்பறை வசதி கிடையாது. பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை போவது சிறந்தது.

நான்கு நாள் கழித்து மூத்தவர் தொலைபேசியில் அழைத்தார். மணல் திட்டுக்குப் போவதை செப்டம்பர் வரை நிறுத்திவிட்டதாகவும், இனிக் காலை உணவு வீதியோரத்து ஆலமர நிழலில்தான் என்றும் சொன்னார். ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமைக்கு மூன்று இடங்களை அப்போதே பதிந்துகொண்டேன்; கோடைச் சிவப்பு முழுதும் உதிராமல் முதலில் வந்திறங்கும் வளைமூக்கு உள்ளான்களை அன்று பார்க்கலாம் என்று மருமகன் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.