79 ரூபாய் ஷேவிங் ஜெல்: ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த தேதி

முதலில் பொருள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இதே பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால், மீதியைப் படிப்பதற்கு முன்பே அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். 200 மில்லி பம்ப் பாட்டில். உள்ளே இருப்பது வெளியே தெரியும். வெளிர் பச்சை ஜெல், வெள்ளை மூடி, முன்பக்கம் கற்றாழைப் படம். 'சென்சிட்டிவ் ஸ்கின்' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருக்கும். பின்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளை ஸ்டிக்கர். அதில் எம்.ஆர்.பி. 299 ரூபாய், காலாவதி 2027 என்ற இரண்டு விவரம் மட்டும்தான். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நான் வாங்கியது ஈரோட்டில். ஆனால் இது ஒரு கடையோடு நிற்கிற சரக்காக எனக்குத் தெரியவில்லை.

என் அப்பாவுக்கு 74 வயது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டது. ஒன்றிரண்டு வார்த்தை வரும், அதுவும் நேரம் பிடிக்கும். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். காலை நாலரை மணி டூட்டிக்குக்கூட ஷேவ் செய்யாமல் போனதில்லை. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் நான்தான் அவருக்கு ஷேவ் செய்துவிடுவேன். எங்கள் இரண்டு பேருக்குமே அந்தக் கால் மணி நேரம் பிடிக்கும். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன இடத்தை இடது கையால் தொட்டுக் காட்டுவார்.

வழக்கமாக டியூப் க்ரீமும் பிரஷ்ஷும்தான். படுக்கையில் வைத்து நுரை குழைப்பது சிரமம். பனியன், தலையணை உறை எல்லாம் நனைந்துவிடும். ஜெல் என்றால் கையாலேயே தடவிவிடலாம், பிளேடு போகிற இடமும் கண்ணுக்குத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். உண்மைதான், நல்ல ஜெல் அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கம் புதிதாக ஒரு தள்ளுபடிக் கடை திறந்தார்கள். பிளாஸ்டிக் வாளி, பொம்மை, டார்ச் லைட், ஷாம்பு எல்லாம் ஒரே இடத்தில். இந்த ஜெல் ஒன்று 79 ரூபாய், இரண்டாக எடுத்தால் 149. மாதம் மாத்திரைக்கே நாலாயிரம் போகிற வீட்டில் இந்த விலை பெரிய ஆறுதல். இரண்டு எடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் முதலில் நானே போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்குப் போடும் எதையும் முதலில் என் மேல் பார்ப்பது வழக்கம். பம்ப்பை அழுத்தியதும் தண்ணீர் கொஞ்சம், பிறகு கட்டியாக ஜெல் கொஞ்சம் என்று பிரிந்து வந்தது. கற்றாழை வாசனையே இல்லை, தரை துடைக்கும் லோஷன் வாசனை. ஒரு நிமிடத்தில் கன்னத்திலேயே காய்ந்து ஒட்டியது. பிளேடு வழுக்கவில்லை, இழுத்தது. கழுவிய பிறகு லேசான சூடு, அதுவும் பத்து நிமிடத்தில் போய்விட்டது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் தடவினேன். இரண்டாவது நிமிடமே முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். தாடையைப் பிடித்து நேராக்கினேன். மறுபடியும் திருப்பினார். "அப்பா, கொஞ்சம் பொறுங்கப்பா, முடிஞ்சுரும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்திப் பிடித்து முடித்தேன். எரிகிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. முகத்தைத் திருப்பித்தான் சொன்னார், எனக்கு அது புரியவில்லை. இந்தப் பதிவை எழுதுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பேச முடியாதவர்களுக்கு, குழந்தைகளுக்கு, படுக்கையில் இருப்பவர்களுக்கு ஒரு பொருளைப் போடும்போது அவர்கள் முகத்தைத் திருப்பினால் உடனே கழுவிவிடுங்கள். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள்.

மதியத்துக்குள் கழுத்து முழுக்கச் சிவந்துவிட்டது. திங்கள் காலை இரண்டு கன்னத்திலும் தடிப்பு, தாடைக்கு அடியில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள். தலையணையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. அவருக்குச் சர்க்கரையும் உண்டு, புண் என்றாலே எங்களுக்குப் பயம். அதே நாள் மாலை எனக்கும் கழுத்தில் அரிப்பு ஆரம்பித்தது. சனிக்கிழமை போட்டதற்குத் திங்கள் மாலைதான் அரிப்பு.

பக்கத்து மெடிக்கலில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் ஒரு டியூபை எடுத்து நீட்டினார்கள், மூன்று நாளில் போய்விடும் என்றார்கள். நல்ல வேளை, தடவவில்லை. தோல் மருத்துவரிடம் அந்த டியூபைக் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. வீரியமான ஸ்டீராய்டும் படர்தாமரை மருந்தும் கலந்த க்ரீம் அது. முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து போகும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும் என்றார். இந்த வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது. இன்றும் கேட்காமலே கையில் கொடுக்கிறார்கள். ஒரு தப்பான பொருளால் வந்த பிரச்சினைக்கு இன்னொரு தப்பான பொருளைப் பூசிவிடாதீர்கள்.

மருத்துவர் சொன்னதில் நான் அதுவரை அறியாத விஷயம் ஒன்று. அப்பாவுக்கு உடனே எரிந்தது தோல் புண்படுவதால் வந்த எரிச்சலாக இருக்கலாம். எனக்கு இரண்டு நாள் கழித்து வந்தது ஒவ்வாமையாக இருக்கலாம். ஒவ்வாமை பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில்தான் தலைகாட்டும். ஆகவே காலையில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று நான் நம்பிய சோதனைக்கு அர்த்தமே இல்லை. முன்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவிக் கழுவி, குறைந்தது இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எதனால் வந்தது என்று கேட்டேன். "அதில் என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலைக் கொடுங்கள், சொல்கிறேன்" என்றார். பட்டியல் எங்கே இருக்கிறது? வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கரைத் தவிர எதுவும் இல்லை. அப்போதுதான் அதை உரிக்கத் தோன்றியது. வெந்நீர்த் துணியை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மெதுவாக உரித்தேன்.

அடியில் எனக்குப் படிக்கத் தெரியாத வேறொரு நாட்டு எழுத்து. அதற்குக் கீழே எண்ணில் இரண்டு தேதிகள். தயாரித்தது 2020, காலாவதி 2023. மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் 2027. இன்னொரு பாட்டிலையும் உரித்தேன், அதுவும் அப்படியே.

அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். நம் நாட்டில் ஷேவிங் ஜெல் என்பது அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டம், 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் ஆகியவற்றின் கீழ் வருகிறது. உள்நாட்டில் செய்தது என்றால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உற்பத்தி உரிம எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, கலந்திருக்கும் பொருள்களின் பட்டியல் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முதலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், இங்கே இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பாட்டிலில் இருக்க வேண்டும். என் பாட்டிலில் ஒன்றுகூட இல்லை.

ஸ்டிக்கருக்கே தனி விதி இருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, ஏற்கெனவே அச்சிட்ட விவரத்தை மாற்றுவதற்காக ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். காலாவதித் தேதியின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை வாங்கவே வாங்காதீர்கள். இவ்வளவு எளிதான அடையாளத்தை நான் கவனிக்கவில்லையே என்றுதான் இன்னும் வருத்தம்.

பொருள்களின் பட்டியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். பொருள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்று ஒரு ரசாயனம் உண்டு. பலருக்கு ஒவ்வாமை வந்ததால் ஐரோப்பிய ஒன்றியத்தில் கழுவாமல் விடும் க்ரீம்களில் 2017 முதல் அதற்குத் தடை. ஷேவிங் ஜெல் போலக் கழுவிவிடும் பொருள்களில்கூடப் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பாட்டிலில் அது இருந்ததா, வாசனைப் பொருள்தான் காரணமா, மூன்று வருடத்துக்கு மேல் கெட்டுப்போய்க் கிடந்ததால் வந்ததா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. அடுத்து எதைத் தவிர்க்க வேண்டும் என்றும் எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் பாட்டில்களையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பில்லில் 'பேன்சி ஐட்டம் 149' என்று மட்டும் இருந்தது. கவுன்டரில் இருந்த பையன், "அண்ணா, ஆஃபர் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்ணா" என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, மாதச் சம்பளத்துக்கு நிற்பவன். உரிமையாளர் வந்தார். அப்பாவின் போட்டோவைக் காட்டினேன். "உங்க தோலுக்குச் சேரலைங்க, எல்லாருக்கும் சேருது" என்றார். ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த தேதியைக் காட்டினேன். "அது எங்களுக்கு வரும்போதே அப்படித்தான் வருது" என்றார். யாரிடமிருந்து வருகிறது, அந்த பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அங்கேயே நின்று 1915-க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பில், பாட்டிலின் நான்கு பக்கப் படங்கள், மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் புகாரைப் பதிவு செய்தேன். 'ரிட்டர்ன் கிடையாது' என்று அட்டை மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள், நாமும் நம்பிவிடுகிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கால அளவு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் வரை அந்த உரிமை உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

ஒன்பதாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. 149 ரூபாயைத் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். பணத்தை வாங்கிக்கொண்டேன், வாபஸ் வாங்கவில்லை. மருத்துவருக்கும் மருந்துக்கும் ஆன 1,860 ரூபாயைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. அன்று மாலை அந்தப் பக்கம் போனபோது அதே அலமாரியில் அதே பாட்டில் இருபது முப்பது அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு அம்மா கல்லூரிக்குப் போகிற மகனுக்கு என்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்டிக்கரின் ஓரத்தை அவரே நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அழகுசாதனப் பொருளும் அவர்கள் பொறுப்பில்தான் வருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கவும் 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். நடவடிக்கை என்ன என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். திறக்காத இரண்டாவது பாட்டிலை ஒரு கவரில் போட்டு, வாங்கிய தேதியை எழுதி, பீரோவில் வைத்திருக்கிறேன். உங்களிடமும் இருந்தால் கோபத்தில் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், பில்லோடு சேர்த்து வையுங்கள். அது இல்லாமல் நம் பேச்சு எங்கேயும் எடுபடாது.

குறைந்த விலைப் பொருள் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுபது எண்பது ரூபாய் க்ரீமை வருடக்கணக்கில் போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. அதில் முகவரி இருந்தது, உரிம எண் இருந்தது, ஏதாவது ஆனால் போன் செய்து கேட்க ஒரு நம்பர் இருந்தது.

அப்பாவுக்கு மூன்று வாரம் ஷேவ் செய்யக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெள்ளைத் தாடி வளர்ந்து, கண்ணாடியைக் காட்டினாலே கையால் தள்ளிவிட்டார். போன வியாழக்கிழமைதான் மறுபடியும் ஆரம்பித்தோம். வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை நனைத்து மூன்று நிமிடம் முகத்தில் வைத்து, பழைய டியூப் க்ரீமைப் பிரஷ்ஷில் குழைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி அவர் கண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தாடைக்கு அடியில் ஓரிடம் இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பிளேடு வந்ததும் இடது கையை உயர்த்தினார். அங்கே மட்டும் முடியை அப்படியே விட்டுவிட்டேன்.