பிராட்வே டிக்கெட்னு நம்பி 684 டாலர் போச்சு, நீங்களும் மாட்டிக்காதீங்க

மக்களே, நியூயார்க்ல பிராட்வே தியேட்டர் ஏரியால மியூசிக்கல், அதாவது பாட்டும் டான்ஸுமா நடக்குற மேடை நாடகம், பாக்கப் போற பிளான் யாருக்காச்சும் இருந்தா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இத படிச்சுடுங்க. 684 டாலர். ரெண்டே ரெண்டு டிக்கெட்டுக்கு. இன்னும் ஒரு பைசா திரும்பி வரல, வயித்தெரிச்சல்ல தான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

கோயம்புத்தூர்லேருந்து பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, வந்திருக்கா. அவளுக்கு லிபர்ட்டி சிலை, நயாகரா எதுவும் வேணாமாம், 'டெத் பிகம்ஸ் ஹெர்' மியூசிக்கல் பாக்கணுமாம். 1992ல வந்த ராபர்ட் ஜெமெக்கிஸ் படம், மெரில் ஸ்ட்ரீப்புக்குத் தல பின்பக்கமா திரும்பிக்கும், கோல்டி ஹான் வயித்துல இந்தப்பக்கம் பாத்தா அந்தப்பக்கம் தெரியுற மாதிரி ஓட்டை, அந்த கிராபிக்ஸுக்கு ஆஸ்கரே கிடைச்சுச்சு. கேபிள்ல போட்டப்பல்லாம் நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்ச படம். அதை மேடைக்கு மாத்தி 2024 நவம்பர்ல பிராட்வேல லன்ட்-ஃபான்டேன் தியேட்டர்ல ஓபன் பண்ணாங்க. 2025 டோனி அவார்ட்ஸ்ல (பிராட்வேக்கு ஆஸ்கர் மாதிரி) 10 நாமினேஷன், காஸ்ட்யூமுக்கு பால் டேஸ்வெல் அவார்டு வாங்கினார், அதே வருஷம் 'விக்கட்' (Wicked) படத்துக்கு ஆஸ்கரும் வாங்குனாரே அவரேதான். ஜிகினா, சீக்வின், இறகுன்னு கண்ணு கூசுற ஷோ, அக்காவுக்கு வேற என்ன வேணும்.

சரின்னு கூகுள்ல ஷோ பேரையும் தியேட்டர் பேரையும் போட்டேன். மொத ரிசல்ட்டா ஒரு சைட். பேரச் சொல்ல மாட்டேன், டிக்கெட் மறுவிற்பனை பண்ற டைப்புன்னு மட்டும் வச்சுக்கோங்க. ஆனா பாத்தா அப்படி ஒண்ணும் தெரியாது, அட்ரஸ்ல தியேட்டர் பேரே இருக்கு, உள்ள போனா தியேட்டர் போட்டோ, சீட்டிங் மேப், மேல ஒரு டைமர் ஓடுது, "இந்த சீட்டை இப்ப பல பேர் பாத்துட்டிருக்காங்க"ன்னு சிவப்புல மின்னுது. ஒரு டிக்கெட் 219னு போட்டிருந்துச்சு, கார்டு நம்பர் அடிச்சு கடைசிப் பக்கம் வந்தப்ப சர்வீஸ் ஃபீ, டெலிவரி ஃபீ, என்னென்னவோ சேந்து 342 ஆயிடுச்சு. மொத விலைலயே எல்லாத்தையும் சேத்துக் காட்டணும்னு நியூயார்க்ல 2022லயே சட்டம் போட்டாச்சு, 2025 மே மாசத்துலேருந்து நாடு முழுக்க எஃப்டிசி (அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு) ரூல் வேற. இவனுங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல.

பக்கத்துல உக்காந்திருந்த அக்கா அப்பவே கேட்டா, "ஏண்டி, இது தியேட்டர்காரங்க சைட்டு தானா?" அதுக்காகவே சைட்ல இருந்த நம்பருக்கு போன் போட்டேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்தான். அவ்ளோ தேனொழுகப் பேசுறான், "மேடம், ஆர்கெஸ்ட்ரா (கீழ்த்தள சீட்டு), ஆறாவது வரிசை, நடுவுல, ரெண்டும் பக்கத்து பக்கத்து சீட்டு, நூறு சதவீதம் கேரண்டி, எதுனா பிரச்சனைன்னா முழுப்பணமும் வந்துடும்"னு. ஊர்லேருந்து அக்கா வந்திருக்காங்கன்னு சொன்னதும் "அவங்களுக்கு ஹேவ் எ வொண்டர்ஃபுல் டைம்னு சொல்லுங்க"ன்னான். ஸ்பீக்கர்ல கேட்டுட்டு அக்கா சந்தோஷமா தலையாட்டுறா. அந்த ஒரு போன் கால்ல தான் 684 டாலரும் போச்சு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டாவது ரிங்ல எடுத்தவன் பணம் கட்டினப்பறம் எடுக்கவே இல்ல, அது தனிக்கதை.

போன சனிக்கிழமை மேட்னி. நியூ ஜெர்சி எடிசன்லேருந்து டிரெய்ன் புடிச்சு பென் ஸ்டேஷன், அங்கேருந்து எட்டாவது அவென்யூல நடந்தே 46வது தெரு. அக்கா மயில் கழுத்துக் கலர்ல பட்டு கட்டிட்டு வந்தா, வழியில ரெண்டு வெள்ளக்காரப் பாட்டிங்க நிறுத்தி அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. டிக்கெட் பிடிஎஃப் அன்னைக்குக் காலைல தான் மெயில்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி எப்ப கேட்டாலும் "ஷோ நெருங்கும்போது வரும்" தான். வாசல்ல நின்ன பொண்ணு ஸ்கேன் பண்ணா. சிவப்பு லைட். மறுபடி. சிவப்பு. பிரைட்னெஸ் ஏத்தி மறுபடி. அப்பவும் சிவப்பு. பின்னாடி க்யூ நீளுது, அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டா.

பாக்ஸ் ஆபீஸ்ல, அதாவது தியேட்டரோட டிக்கெட் கவுன்டர்ல, இருந்த பெரியவர் ரொம்ப நல்ல மனுஷன், திட்டக்கூட இல்ல. பிடிஎஃப்ப ஒரு தடவ பாத்தார், விரலால சீட் நம்பரக் காட்டினார். 1, 2ன்னு இருந்துச்சு. "இது ரெண்டும் பக்கத்து பக்கத்து சீட்டே கிடையாதும்மா"ன்னார். அப்பதான் வெளக்குறார், பிராட்வே தியேட்டர்ல பெரும்பாலும் ஒத்தைப்படை நம்பர்லாம் ஒரு பக்கம், ரெட்டைப்படை எல்லாம் இன்னொரு பக்கம், நடு பிளாக் 101ல ஆரம்பிக்கும். அதாவது 1ம் 2ம் நடு பிளாக்குக்கு அந்தாண்ட ஒண்ணு இந்தாண்ட ஒண்ணு. நடு சீட்டுன்னு சொன்னவன் அந்தத் தியேட்டர் மேப்பக்கூட ஒழுங்கா பாத்ததில்ல. கைல டிக்கெட்டே இல்லாம மொதல்ல வித்துட்டு அப்பறமா எங்கயாச்சும் கம்மி விலைல தேடிப் புடிச்சுக் குடுக்குறது, கிடைக்கலன்னா இப்படி ஏதோ ஒண்ண அனுப்பி விடுறது, இதையே தொழிலா பண்றவங்க இருக்காங்களாம். தியேட்டர் சிஸ்டம்ல எங்க பேரும் இல்ல, அந்த பார்கோடும் இல்ல.

அக்கா "போலாம் வாடி, காபி குடிச்சுட்டு வீட்டுக்குப் போலாம்"னா. அவ முகத்தப் பாத்துட்டு எனக்கு மனசே ஆறல, மெசனைன்ல, அதாவது மாடி பால்கனில, கடைசி வரிசைல ரெண்டு சீட் இருந்துச்சு, அதை வாங்கிட்டு உள்ள போனோம். அது தனிக் காசு, 684ல சேக்கல.

ஷோவப் பத்தி ஒண்ணும் தப்பு சொல்ல முடியாது, அதுதான் இன்னும் கடுப்பு. ஆரம்பத்துலயே வர்ற ஒரு பாட்டுல மேடலின் (படத்துல மெரில் ஸ்ட்ரீப் பண்ண கேரக்டர்) மேடைக்கு நடுவுல நின்னுக்கிட்டு டிரெஸ் மேல டிரெஸ்ஸா மாத்துறா, எங்கேருந்து கழட்டுறாங்க எங்கேருந்து மாட்டுறாங்கன்னே தெரியல, ஆம்பள டான்ஸர்ஸ் சுத்தி நின்னு விசிறி விடாத குறை. மேடலின் மாடிப்படிலேருந்து விழுற சீன், படத்துல வர்றத இங்க ஒரு ஜிம்னாஸ்ட்ட டூப்பா வச்சு ஸ்லோ மோஷன்ல ஒவ்வொரு படியா உருண்டு விழ வைக்கிறாங்க, டூப்புன்னு நமக்குத் தெரியணும்னே பண்றாங்க, தியேட்டரே கைதட்டி அதிருது. அக்கா சிரிச்சு சிரிச்சு முந்தானைல கண்ணத் தொடைக்கிறா. ஆறாவது வரிசைன்னு சொல்லி காசு வாங்கினானே, அங்கேருந்து அந்த சீக்வின் தையல பாத்திருக்கலாம். நாங்க உக்காந்த எடத்துலேருந்து அவங்க மொகம் நெல்லிக்கா சைஸ் தான் தெரிஞ்சுது.

இடைவேளைலயே சைட்ல சாட் ஓபன் பண்ணேன். மொதல்ல மெஷின் பதில் சொல்ற ஒரு பாட். அப்பறம் ஒருத்தி வந்தா, "எங்க ரெக்கார்டுப்படி டிக்கெட் வெற்றிகரமா டெலிவர் ஆயிடுச்சு, வேற ஏதாவது உதவி வேணுமா"ங்குறா. டெலிவர் ஆச்சும்மா, உள்ள விடலயேன்னா, "விற்பனையாளரத் தொடர்பு கொண்டிருக்கோம், 72 மணி நேரம் பொறுங்க." பொறுத்தா, உள்ள விடலன்னு தியேட்டர் லெட்டர்ஹெட்ல கையெழுத்தோட கடிதம் வேணுமாம். எந்தத் தியேட்டர் குடுக்கும் அப்படி? போன் பண்ணிக் கேட்டா அப்படி ஒரு வழக்கமே எங்ககிட்ட கிடையாதுன்னுட்டாங்க. அதையும் மெயில்ல எழுதினேன். பதிலுக்கு, "நிகழ்ச்சி ரத்து ஆகாததால் ரீஃபண்ட் பாலிசி பொருந்தாது." நூறு சதவீத கேரண்டின்னு போன்ல சொன்னீங்களேடான்னா, அந்த காலுக்கு ரெக்கார்டே இல்லயாம். ஒவ்வொரு மெயிலுக்குக் கீழயும் வேற வேற பேர், ஆனா ஒரே பாரா, கமா கூட மாறல. கடைசியா பெரிய மனசு பண்ணி ஒரு வவுச்சர், எங்க சைட்லயே ஒரு வருஷத்துக்குள்ள வேற ஷோ பாத்துக்கோங்கன்னு. 684 டாலர திருடினவன் கடைலயே போயி மறுபடி செலவு பண்ணணுமாம்!

டிப்ஸ் விலாவாரியா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப அதுக்குத் தெம்பில்ல. கூகுள்ல ஸ்பான்சர்டுன்னு சின்னதா போட்டு மேல வர்றத தொடாதீங்க. ஷோவோட சொந்த சைட்டுக்குப் போயி அங்க இருக்குற லிங்க் வழியா மட்டும் வாங்குங்க. முடிஞ்சா நேரா பாக்ஸ் ஆபீஸ் ஜன்னலுக்கே போங்க, ஆன்லைன் ஃபீ மிச்சம். அன்னைக்கே பாக்கணும்னா டைம்ஸ் ஸ்கொயர்ல அந்த சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழ டிகேடிஎஸ்னு தள்ளுபடி டிக்கெட் பூத் இருக்கு, பாதி விலைக்குக் கூட கிடைக்கும். சீட் நம்பர் சொல்லாம வரிசை மட்டும் சொன்னா ஓடிடுங்க. கிரெடிட் கார்டுல மட்டும் வாங்குங்க, ஏமாந்தா ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாளுக்குள்ள பேங்க்ல டிஸ்ப்யூட் (இந்தப் பணம் தப்பா எடுத்ததுன்னு புகார்) போட்டுடுங்க, நான் போட்டிருக்கேன், பேங்க் விசாரிச்சுட்டிருக்கு.

முக்கியமா அந்த வவுச்சர மட்டும் ஏத்துக்காதீங்க, ஏத்துக்கிட்டா பிரச்சனை தீந்துடுச்சுன்னு கணக்கு முடிச்சுடுவாங்கன்னு அந்த மெயில்லயே கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு. இன்னைக்குக் காலைல கூட ஒரு மெயில், "உங்கள் ஆஃபர் விரைவில் காலாவதி ஆகிறது"ன்னு, பக்கத்துல ஒரு பார்ட்டி எமோஜி வேற.