780 வெள்ளி போச்சு: பியானோ டியூன் செய்ய ஆள் கூப்பிடுகிறவர்கள் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

780 சிங்கப்பூர் வெள்ளி. கைப்பேசியில் ஒரே தட்டில் அனுப்பிய பணம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பெயர், செயலி பெயர் எதுவும் போடப் போவதில்லை. ஏர்கான் கழுவ, குழாய் பார்க்க, வீடு துடைக்க ஆள் அனுப்புமே, அந்த வகைச் செயலி. அதில் பியானோ டியூனிங்கும், அதாவது கம்பிகளை இழுத்துச் சுருதி சேர்ப்பதும், உண்டு. ஐந்து நட்சத்திரம், சிரித்த முகம், தமிழ்ப் பெயர். போதாதா?

எங்கள் வீட்டில் இருப்பது ஜப்பானில் இருந்து வந்த பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் வகை) பியானோ. வழக்கமாக வருகிறவர் ஓய்வெடுத்துக்கொண்டதில் ஒரு வருடம் டியூனிங் விட்டுப்போனது. மகளுக்குப் பியானோவில் கிரேடு 5 தேர்வு நெருங்குகிறது. நடுவில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் உடனே மேலே வராமல் ஒட்டிக்கொண்டு நின்றன. இந்த ஊர் ஈரத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

வந்தவர் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து மேல் மூடியைத் திறந்தார். "அம்மா, தூசி பறக்கும், நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க" என்று என் மாமியாரிடம் சொன்னார். கட்டைகளைச் சோதிக்கிற சாக்கில் ஒரு பழைய சினிமாப் பாட்டை வாசித்தார், அதுவும் நன்றாகவே வாசித்தார். மாமியாருக்கு மனசு நிறைந்துவிட்டது. உடனே காபி போடப் போய்விட்டார். பாட்டு வாசிக்கத் தெரிவதும் பியானோவைப் பழுது பார்க்கத் தெரிவதும் வேறு வேறு என்று அப்போது யாருக்குத் தோன்றும்?

அப்புறம் கைப்பேசியைக் கம்பிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். திரையில் சுருதி காட்டும் முள் சிவப்பில் நின்றது. "அக்கா, அரை சுருதி இறங்கிப் போச்சு. ஈரம் உள்ளே போயிட்டதால முளை எல்லாம் தளர்ந்துடுச்சு. இப்படியே டியூன் பண்ணினா ரெண்டு வாரம்கூட நிக்காது. பாப்பாவுக்குப் பரீட்சை வேற இருக்கு." கம்பியைச் சுற்றி இழுத்துப் பிடிக்கிற இரும்பு முளைகளைத்தான் சொன்னார். மேல் பாதியில் உள்ள முளைகளை எல்லாம் கழற்றி அடுத்த அளவு தடிமனானவற்றைப் போட வேண்டுமாம். கீழே ஈரத்தைப் போக்கும் ஹீட்டர் ராட் ஒன்று, ஒட்டும் கட்டைகளுக்குப் பழுது, இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை டியூனிங். வெளியில் 1,200 ஆகும், "நம்ம ஆளுங்க, அதனால 780."

செயலியில் அன்றைய டியூனிங்குக்கு 90 வெள்ளி கட்டியாகிவிட்டது. இந்த 780 வெள்ளியை பேநவ் (கைப்பேசி எண்ணுக்கு வங்கிப் பணம் அனுப்பும் வசதி) வழியாக நேரடியாக அனுப்பச் சொன்னார். "செயலி வழியா போனா கமிஷன் பிடிப்பாங்க அக்கா, அந்தக் காசைத்தான் உங்களுக்குக் குறைக்கிறேன்." எண்ணைத் தட்டியதும் திரையில் பெயர் வரவில்லை, ஏதோ செல்லப்பெயர் வந்தது. மாமியார் பின்னாலிருந்து, "நம்ம பிள்ளைதானே, போடும்மா" என்றார். போட்டேன்.

டியூன் செய்ய அமைதி வேண்டும், அது உண்மை. ஃபேன் சத்தம்கூட இடைஞ்சல்தான். அதனால் எல்லாரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே வந்தபோது கூடத்தில் எண்ணெய் வாடை. "அது கிளீனிங் ஸ்பிரே" என்றார்.

சில நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மேலே உள்ள சுரங்கள் அலையலையாகக் கேட்க ஆரம்பித்தன. மேல் பாதியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். மூன்றும் ஒன்றுபோல நிற்காவிட்டால் அந்த நடுக்கம் வரும். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கட்டைகளோடு பக்கத்துக் கட்டைகளும் சேர்ந்து ஒட்டின.

அதன் பிறகு வாட்ஸ்அப்பில் அவர் சொன்ன பதில்களை ஒரு தொகுப்பாகவே போடலாம். முதலில், "புது முளை செட்டாக டைம் எடுக்கும் அக்கா." அப்புறம், "ஏர்கான் போடுறீங்களா? அதான்." அடுத்து, "பாப்பா ரொம்ப பலமா வாசிக்குதோ?" கிரேடு 5 வாசிக்கிற பிள்ளை மெதுவாகத் தடவிக்கொடுக்கவா முடியும்! வருகிறேன் என்ற நாளில் வரவில்லை, மலேசியாவில் இருக்கிறேன் என்றார். அடுத்த நாள் அதே செயலியில் அவர் பக்கத்தில் புதுப் பாராட்டு ஒன்று ஏறியிருந்தது. கடைசியாக அனுப்பியது ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

செயலிக்காரர்களிடம் புகார் செய்தால் அழகான ஆங்கிலத்தில் பதில் வந்தது: தளத்துக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. சரி, ஆளின் முழுப்பெயராவது கொடுங்கள் என்றேன். தனியுரிமையாம். அவருக்குத் தனியுரிமை, எனக்கு 780 வெள்ளி நஷ்டம்.

மகளின் பியானோ ஆசிரியை சொல்லி வயதான அங்கிள் ஒருவர் வந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். முளைகளில் சுற்றியிருந்த கம்பிச் சுருள்களுக்கு இடையே பழைய தூசி அப்படியே படிந்திருந்தது, துரு உட்பட. முளை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு கம்பியையும் தளர்த்திச் சுருளைக் கழற்ற வேண்டும். ஒரு பியானோவில் 220 கம்பிகளுக்கு மேல் உண்டு. பாதியை மாற்றினால்கூட நாள்கணக்கில் வேலை, ஒன்றரை மணி நேரத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஒரு முளை கூட மாற்றப்படவில்லை. அதைவிடக் கொடுமை, மாற்றத் தேவையே இருக்கவில்லை. அங்கிள் டியூனிங் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார், எல்லாம் இறுக்கமாகத்தான் நின்றன.

"ஈரத்தால் சுருதி இறங்கியது" என்று அந்த ஆள் சொன்னதைச் சொன்னேன். அங்கிள் சிரித்தே விட்டார். ஈரத்தில் ஒலிப்பலகை (கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் மரப்பலகை) உப்பும், கம்பி இழுபடும், சுருதி ஏறும். இறங்குவது காற்று காயும்போது. சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். இரவெல்லாம் ஏர்கான் போட்டுப் பகலில் ஜன்னலைத் திறந்து வைக்கும் வீடுகளில் பியானோ உப்புவதும் சுருங்குவதுமாக இருக்கும், டியூனிங் நிற்காததற்கு அதுதான் பெரும்பாலும் காரணமாம்.

கீழ்ப் பலகையைக் கழற்றினார். ராட் இருந்தது. வயரும் வெளியே வந்து சுவிட்சில் செருகியிருந்தது, லைட்டும் எரிந்தது. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. வேலை செய்கிற ராட் கைக்கு வெதுவெதுப்பாக இருக்குமாம். லேபிளின் ஓரம் மஞ்சளாகி உரிந்திருந்தது. வேறு எவர் வீட்டிலிருந்தோ கழற்றிய பழசு.

எண்ணெய் விஷயம்தான் இப்போது பெரிய தலைவலி. ஒட்டும் கட்டைக்கு, அதன் ஓட்டையில் இருக்கும் ஃபெல்ட்டை (கம்பளித் துணியை) லேசாக அழுத்தி இடம் விட்டால் போதும், சில நிமிட வேலை. இவர் கதவுக் கீலுக்கு அடிக்கிற மாதிரி உள்ளே எண்ணெயை அடித்திருக்கிறார். சிவப்பு ஃபெல்ட்டில் கறுப்பாகக் கறை. அது ஊறி, தூசியைப் பிடித்து, பிசினாகிவிட்டது. சில ஃபெல்ட்டுகளை மாற்றித்தான் ஆக வேண்டும். போன 780 வெள்ளி போக, அந்தச் செலவு தனி.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று பார்த்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு வருடத்துக்குள் போடலாம், வழக்கறிஞர் வேண்டாம், நம் அளவுத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் செல்லப்பெயரும். ரசீது என்று கொடுத்த தாளில் நிறுவனப் பதிவு எண்ணே இல்லை. பயனீட்டாளர் சங்கத்திலும் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மகளைக் கூட்டிவர நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பதிவு எண் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். பாகம் மாற்றினேன் என்றால் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ராட் போட்டால் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பியானோ பக்கம் எண்ணெய் டப்பா வந்தால் அந்த இடத்திலேயே ஆளை நிறுத்துங்கள். டியூனருக்குப் பிள்ளையின் ஆசிரியரைக் கேளுங்கள், நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். இதே ஆளிடம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால், அவருடைய முழுப்பெயர் உள்ள ரசீது ஏதாவது இருந்தால், எனக்குத் தனியாக அனுப்புங்கள். அது கிடைத்தால் அன்றைக்கே கோரிக்கையைப் போட்டுவிடுவேன்.