சிராச்சா: பாட்டிலுக்கு நாலு நட்சத்திரம், நகர மன்றத்துக்கு இரண்டு

பச்சை மூடி, வெள்ளைச் சேவல் படம். ஹுய் ஃபாங் கம்பெனியின் சிராச்சா மிளகாய் சாஸ், 28 அவுன்ஸ் பாட்டில். நான் விருதுநகர்க்காரன், இப்போது இருப்பது கலிஃபோர்னியாவில் கோவினாவில். இது தயாராகிற ஆலை பக்கத்து இர்விண்டேலில்தான். அதனால் சாஸோடு சேர்த்து ஊர்க்கதையையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ருசி. சிவப்பு ஹாலப்பேனோ மிளகாய்ப்பழத்தைக் காயவைக்காமல் அப்படியே அரைத்து, பூண்டு, சர்க்கரை, உப்பு, வினிகர் சேர்க்கிறார்கள். நாக்கில் முதலில் இனிப்பும் புளிப்பும், அப்புறம் பூண்டு, கடைசியில்தான் காரம். அதுவும் மரியாதையான காரம். வற்றல் தின்று வளர்ந்தவர்கள் பயப்பட வேண்டாம். முட்டை தோசைக்கும் நூடுல்ஸுக்கும் பிரமாதம். இட்லிக்கு மிளகாய்ப்பொடி இருக்கும்போது இது எதற்கு? தயிர் சாதத்தில் ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன். நீங்கள் செய்யாதீர்கள்.

கம்பெனி முதலாளி டேவிட் டிரான் 1978 இறுதியில் வியட்நாமிலிருந்து கப்பலேறிய அகதி. அந்தக் கப்பலின் பெயரையே 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய கம்பெனிக்கு வைத்தார். சேவல் அவர் பிறந்த ஆண்டின் சீன ராசி. விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காமலே வியாபாரம் பெருகி, இர்விண்டேலில் 6.5 லட்சம் சதுர அடியில் ஆலை எழுந்தது. ஊரோ மிகச் சின்னது. சுமார் 1,400 பேர், சுற்றிலும் ஜல்லி வெட்டிய பள்ளங்கள்.

மிளகாய் அரவை வருடத்தில் மூன்று மாதம் போல, அறுவடை சமயத்தில் மட்டும். 2013 அரவையின்போது கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று அக்கம்பக்கத்தில் புகார் கிளம்பியது. அக்டோபரில் நகராட்சி நீதிமன்றம் போய்விட்டது. நவம்பர் கடைசியில் உத்தரவு: நாற்றம் கிளப்பும் வேலைகளை நிறுத்த வேண்டும். நெடியால் உடம்புக்குக் கேடு என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றும் அதே நீதிபதி சொன்னார். ஆனால் வாசனையே தொல்லைதான் என்றார். அது நியாயம்தான். சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு நோய் வந்தால்தான் புகார் செல்லும் என்றால் எப்படி?

எனக்குப் பிடிக்காதது நகராட்சி காரியம் செய்த வரிசை. உத்தரவு வந்தபோது அந்த வருட அரவையே முடிந்துவிட்டது. காற்றுத்தர வாரியத்தின் ஆய்வாளர்கள் வந்து பார்த்தும் விதிமீறல் நோட்டீஸ் எதுவும் போடவில்லை. முதலில் அளந்து பார்த்து, எந்தக் குழாயில் எந்த ஃபில்டர் போடலாம் என்று இன்னும் பொறுமையாக உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம் வக்கீலைக் கூப்பிட்டிருக்கலாம். ஆலை வாசலில் ‘இங்கே கண்ணீர்ப்புகை தயாரிப்பதில்லை’ என்று பேனர் தொங்கியது. 2014 ஏப்ரலில் நகர மன்றம் இதைப் பொதுத்தொல்லை என்று அறிவிக்கக் கை தூக்கியது. டெக்சாஸ் அரசியல்வாதிகள், எங்கள் மாநிலத்துக்கு வாருங்கள் என்று நேரில் வந்து அழைத்தார்கள். மே மாதம் ஆளுநர் அலுவலகத்தார் நடுவில் வர, கம்பெனி ஃபில்டரைப் பலப்படுத்த, மன்றம் வழக்கைக் கைவிட்டது. ஏழு மாதம் சுற்றி வந்து நின்ற இடம் ஒரு ஃபில்டர்! புகாரைக் காது கொடுத்துக் கேட்டதற்கு ஒரு நட்சத்திரம், வழக்கை விட்டதற்கு இன்னொன்று.

விருதுநகரில் எங்கள் தெருவிலும் ஒரு மாவு மில் இருந்தது, வீட்டிலிருந்து இரண்டு வாசல் தள்ளி. வற்றல் அரைக்கிற நாளில் தெருவே கமறும். தும்மித் தும்மித்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். மில்காரர் முந்தின நாள் சாயங்காலமே வந்து சொல்லிவிடுவார்: “அக்கா, நாளைக்கு வத்தல் ஓட்டுறேன். துணி காயப்போட வேணாம், புள்ளைங்கள அந்தப் பக்கம் அனுப்பிருங்க.” அம்மா முணுமுணுப்பாள், ஆனால் நாங்கள் மத்தியானம் வரை பாட்டி வீட்டில் இருப்போம். அரவை முடிந்ததும் கல்லில் மிச்சமிருக்கும் காரம் போக அரிசியை ஓட்டுவார்கள். அந்த அரிசியை யார் வாங்கிப் போவது என்பதில்தான் தெருவில் உண்மையான சண்டை. ஆறரை லட்சம் சதுர அடிக்கு இந்த ஏற்பாடு காணாது என்று எனக்கும் தெரியும்.

வழக்குக்குப் பிறகு ஆலையைப் பொதுமக்களுக்குச் சுற்றிக்காட்டினார்கள்; இந்தப் பக்கம் வருகிறவர்கள் இப்போதும் உண்டா என்று முன்கூட்டி விசாரித்துவிட்டு வரலாம். நான் செப்டம்பரில் அசூசா கேன்யன் ரோடு வழியாகப் போகும்போது கார் கண்ணாடியை இறக்கிவிடுவேன். லேசாகப் பூண்டு வாசனை வரும், தும்மல் வந்ததில்லை. பக்கத்து இருக்கையில் மனைவி உடனே ஏற்றச் சொல்வாள்.