லைன் ஃபாலோயர் பயிற்சித் தளம்: ஃபிளெக்ஸா, பிளைவுட்டா?

கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானே ஓடும் ரோபோ வண்டிதான் லைன் ஃபாலோயர். பள்ளி ரோபோட்டிக்ஸ் அணி அதை ஓட்டிப் பழக எட்டுக்கு நாலு அடித் தளம் வேண்டும். பேனர் கடையில் ஃபிளெக்ஸ் அடிப்பதா, வெள்ளை பெயின்ட் பூசிய பிளைவுட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுவதா?

செலவு: ஃபிளெக்ஸ் 32 சதுர அடியும் சில நூறு ரூபாயில் முடியும். புது பிளைவுட் பல மடங்கு. பழைய பலகை கிடைத்தால் டேப் காசுதான்.

சென்சார்: வில்லங்கமே இங்கேதான். பல வண்ண மை கலந்து அடித்த கறுப்பு நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. கோட்டைக் கண்டுபிடிக்கும் வண்டியின் அகச்சிவப்பு சென்சாருக்கு வெள்ளையாகத் தெரியலாம். டிசைன் போடுபவரிடம் "கறுப்பு மை மட்டும், 100 சதவீதம்" என்று அழுத்திச் சொல்லுங்கள். பளபளப்பும் குழப்பும், மேட் ரகம் கேளுங்கள். டேப்பில் இந்தத் தொல்லை குறைவு.

பாதை மாற்றம்: டேப்பை உரித்து ஒட்டினால் புது வளைவு. ஆனால் இழுத்து ஒட்டாதீர்கள். சுருங்கி ஓரம் எழும்பி, வண்டியின் காஸ்டர் சக்கரம் (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்) மாட்டும். ஃபிளெக்ஸுக்கு மறு அச்சுதான்.

வைக்க: ஃபிளெக்ஸைச் சுருட்டி பீரோ மேல் போடலாம். மடித்தால் போச்சு, மடிப்பில் வண்டி துள்ளும்.

போட்டித் தளத்தின் வரைபடம் கையில் இருந்தால் ஃபிளெக்ஸ். இப்போதுதான் கோடிங் தொடங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு பாதை வேண்டும். அவர்களுக்குப் பலகையும் டேப்பும்.