டவர் கிடைக்காத வளைவுகள்: மூன்று வருடமாக எங்கள் வண்டிகள் வரைந்த சிக்னல் வரைபடம்

சத்தியமங்கலத்தில் இருந்து நாலு காய்கறி வண்டி ஓட்டுகிறோம். தாளவாடியில் முட்டைக்கோஸ், பீட்ரூட் ஏற்றி ஆசனூர், திம்பம், பண்ணாரி என்று இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். 2022 கடைசியில் நாலு வண்டிக்கும் ட்ராக்கர் மாட்டினோம். வண்டி எங்கே வருகிறது என்று தெரிந்தால் போதும் என்பதுதான் அப்போதைய எண்ணம். எந்த இடத்தில் டவர் உண்டு, எங்கே இல்லை என்பதை அதே பெட்டியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பது ஒரு கெட்ட நாளில்தான் புரிந்தது.

2023 ஐப்பசி மழை. சாயங்காலம் நாலு மணிக்கு மண்டியிலிருந்து போன். “ஏனுங்க, வண்டி எங்கீங்க வருது?” செல்போனில் பார்த்தால் வண்டி திம்பத்துக்கு மேலேயே நிற்கிறது. டீ குடிக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். உண்மையில் அது பாதி மலை இறங்கி, ஆக்சில் கட்டாகி ஒரு வளைவில் நின்றிருந்தது. டிரைவர் தம்பியின் போனில் ஒரு புள்ளிகூட சிக்னல் இல்லை. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு, யானை நடமாடும் ரோடு. இறங்கி நடந்து போய்ப் பேசு என்று யாரும் சொல்ல முடியாது. கீழே இறங்கிய பஸ் டிரைவர் ஒருவர் பண்ணாரி செக்போஸ்ட்டில் தகவல் சொல்லி, அங்கிருந்து எனக்குச் செய்தி வர இரண்டரை மணி நேரம் ஆனது.

அன்றைக்கு ராத்திரி ட்ராக்கரின் பதிவுகளை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் இருந்தது. ஒன்று, பெட்டி தன் இடத்தைக் குறித்த நேரம். இன்னொன்று, அது சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம், அது செயற்கைக்கோளிடம் கேட்டுக்கொள்கிறது. குறித்ததை அனுப்பத்தான் டவர் வேண்டும். டவர் இல்லாவிட்டால் பெட்டி உள்ளேயே சேர்த்து வைத்து, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். ஆக, எந்தப் புள்ளி தாமதமாக வந்து சேர்ந்ததோ, அந்த இடத்தில் அனுப்ப வழியில்லை என்று அர்த்தம். தாமதப் புள்ளிகளை மட்டும் சிவப்பில் போட்டேன். ஒரு வருடப் பதிவும் சேர்ந்தபோது மலை ரோட்டின் இருட்டுப் பகுதி கண்முன்னால் வந்தது.

அதை அப்படியே நம்பியது தப்பு. ஏறும்போது சிவப்பு ஒரு இடத்தில் முடிந்தது, இறங்கும்போது வேறு இடத்தில். கிட்டத்தட்ட இரண்டு வளைவு வித்தியாசம். காரணம் பிடிபட ஒரு மாதம் ஆனது. சிக்னல் திரும்பிய நொடியே பெட்டி டவரோடு சேர்ந்துவிடாது. தேடிப் பிடித்து இணைவதற்குள் வண்டி கொஞ்ச தூரம் போய்விடும், அதனால் சிவப்பு எப்போதும் வண்டி போகும் திசையில் நீண்டு தெரியும். இப்போது ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் சிவப்பாக இருக்கும் துண்டை மட்டுமே டவர் இல்லாத இடம் என்று எடுத்துக்கொள்கிறேன். ரோட்டை 200 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, 20 தடவையாவது வண்டி கடந்த துண்டுக்கு மட்டும்தான் நிறம் கொடுப்பேன். ஒரே ஒரு நாள் ஓட்டத்தை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. தாளவாடிப் பக்கம் கரண்ட் ரொம்ப நேரம் போனால் டவரும் படுத்துவிடும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. ட்ராக்கர் அனுப்புவது ஒரு சின்ன வரி. மிகப் பலவீனமான சிக்னலிலும் அது தப்பித்துப் போய்விடும். அது போயிற்று என்பதால் அங்கே போனில் பேச முடியும் என்று ஆகாது. அதனால் 2024-ல் இரண்டு வண்டியில் பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்து, சிக்னல் அளவைப் பதிவு செய்யும் செயலியை ஓட விட்டோம். அளவு டெசிபலில் மைனஸாக வரும். 4ஜியில் மைனஸ் 85-க்குப் பக்கம் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 115-ஐத் தாண்டிக் கீழே போனால் பேச்சு அறுந்து அறுந்து வரும். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறது.

போனை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். டேஷ்போர்டு பெட்டிக்குள் மூடி வைத்தால் அளவு நன்றாகவே குறைகிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தால் சித்திரை வெயிலில் பேட்டரி உப்பிவிடுகிறது. ஒரு போன் அப்படியே போனது. இப்போது சீட்டுக்குப் பின்னால், வெயில் படாத உயரத்தில் கட்டியிருக்கிறோம். வண்டி ஷெட்டுக்கு வந்ததும் பதிவை நிறுத்திவிட வேண்டும் என்பது டிரைவர்கள் கேட்டது, நியாயமான பேச்சு. வேகத்தைப் பார்த்துத் திட்டவும் இந்தப் பதிவை எடுப்பதில்லை.

சமவெளியில் சொல்ல அதிகமில்லை. ஆனால் திருப்பூரில் ஷிப்ட் விடும் நேரத்தில் சிக்னல் முழுசாகக் காட்டும், மேப் சுற்றிக்கொண்டே இருக்கும். பண்ணாரி அம்மன் கோவில் குண்டம் (தீமிதி) அன்றும் அதே கதைதான். அது டவர் இல்லாத குறை அல்ல, டவரில் நெரிசல். என் ட்ராக்கர் கணக்கில் இரண்டும் ஒரே சிவப்பாக விழுந்தன. போன் பதிவு வந்த பிறகுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது.

தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பை வரைபடமாக வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் விதி கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் நான் பார்த்த ஒரு நிறுவனத்தின் படத்தில் மலை முழுக்க ஒரே நிறம். டவரின் உயரம், அலைவரிசை, மலைச்சரிவை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படி வரலாம். பாறைக்கு அந்தப்புறம் திரும்பும் வளைவில் நிற்கும் வண்டிக்கு அந்த நிறத்தால் பயனில்லை. தினமும் அந்த ரோட்டில் போகிற பஸ், லாரி, பால் வண்டிகளின் பதிவை ஆள் அடையாளம் இல்லாமல் சேர்த்தாலே சரியான படம் கிடைக்கும். அதை யாராவது கேட்டு வாங்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

எங்களுக்குக் கிடைத்த பலன் ஒரு தாள். திம்பத்துக்கும் பண்ணாரிக்கும் நடுவில் இருக்கும் 27 கொண்டை ஊசி வளைவையும் வரிசையாகப் போட்டு, எந்த வளைவில் எந்த சிம் எடுக்கும் என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் அச்சடித்து நாலு வண்டியிலும் ஒட்டியிருக்கிறோம். இரண்டு சிம்களும் வேறு வேறு நிறுவனத்தினுடையவை. ஒன்று விழும் துண்டுகளில் சிலவற்றில் மற்றது எடுக்கிறது. சிவப்புக்குள் நுழையும் முன் டிரைவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், வெளியே வந்ததும் இன்னொன்று. முக்கால் மணி நேரத்தில் இரண்டாவது வராவிட்டால் நான் செக்போஸ்ட்டுக்குக் கூப்பிடுவேன். போன ஆடியில் டீசல் ஹோஸ் அறுந்து ஒரு வண்டி நின்றது. மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிப் போய்விட்டார்.

திம்பத்திலிருந்து தலமலை வழியாகத் தாளவாடி போகும் காட்டு ரோடு இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. அதில் எங்கள் வண்டி போனதே ஆறு தடவைதான்.